மலையில் கெடாத பை வீட்டில் கெடுகிறது!

ஆடி அமாவாசைக்கு மறுநாள் டி. கல்லுப்பட்டி பேருந்து நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில், சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போய் வந்தவர்களைத் தனியே கண்டுபிடித்துவிடலாம். பேருந்துப் படியில் பக்கவாட்டாகக் கால் வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். தாணிப்பாறை வழியாக ஏறியவர்கள் வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் சுற்றி வருவார்கள். வாழைத்தோப்புப் பாதையில் போனவர்கள் சாப்டூர், பேரையூர் வழியே வருவார்கள். இரண்டு பக்கத்தில் இருந்தும் மதுரைக்குத் திரும்புகிற பெரும்பாலோர் இந்த ஊரைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

இவர்கள் கையில் முன்பெல்லாம் காலி பிளாஸ்டிக் பாட்டில்தான் இருக்கும். ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 பிப்ரவரியில் இந்த மலைக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. அடிவாரத்துச் சோதனையும் இறுகியது. இளைஞர்கள் தோளில் இப்போது வேறொன்று தொங்குகிறது. முதுகுப் பைக்குள் தண்ணீர்ப் பை. அதிலிருந்து தோள் வழியாக நெஞ்சுக்கு ஒரு நீலக் குழாய். நுனியில் கடித்தால் திறக்கிற ரப்பர் வாய். ஹைட்ரேஷன் பிளாடர் என்று கடையில் கேட்டால் கிடைக்கும். அப்படி ஒரு பையோடு இறங்கிய பையனைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருவர் கேட்டார்: “ஏப்பா, குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிக்கிட்டா மலை ஏறுன?”

பையனின் நண்பர்கள் சிரித்தார்கள். அப்பத்தா சொன்னதோ வரலாற்றுப்படி சரி. 1989-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில், ஆகஸ்ட் மாத வெயிலில் நூறு மைல் சைக்கிள் பந்தயம் நடந்தது. அதில் ஓட்டவிருந்த மைக்கேல் எய்ட்சன் ஆம்புலன்சில் முதலுதவிப் பணி செய்தவர். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுகிற பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் போட்டு, சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டார். குழாயைத் தோள் மேல் இழுத்துவிட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் அதன் நுனியைக் கவ்வவிட்டார். கேமல்பேக் என்ற நிறுவனம் அங்கிருந்துதான் கிளம்பியது. இன்று முதுகில் தொங்கும் தண்ணீர்ப் பைகள் எல்லாவற்றுக்கும் மூதாதை குளுக்கோஸ் பைதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆஸ்பத்திரிப் பை ஒரு தடவையோடு குப்பைக்குப் போகும். இந்தப் பை அடுத்த அமாவாசைக்கும், அதற்கடுத்த பௌர்ணமிக்கும் வேண்டும். அதுவரை அது எங்கே, எப்படி இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

மலையில் இந்தப் பையைப் பாறையில் உரசுகிறோம், முள்ளில் இழுக்கிறோம், ஓடைத் தண்ணீரைப் பிடிக்கிறோம். அதற்கெல்லாம் அசைந்துகொடுக்காத பை, வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மூன்று வாரம் கிடந்தால் கெட்டுவிடுகிறது. எடுத்துத் திறந்தால் மண் வாடை அடிக்கிறது. குழாயின் உள்சுவரில் பழுப்பாக ஒரு பூச்சு. கடிவாயின் பிளவுக்குள் கறுப்புப் புள்ளிகள். மலையேறுகிறவர்களிடம் பேசினால் யாருமே பை கிழிந்துபோனதைப் பெரிதாகச் சொல்வதில்லை. நாற்றத்தைத்தான் சொல்கிறார்கள்.

அழகருக்கு முன்னால் ஒரு பை

மதுரைச் சீமைக்குத் தண்ணீர்ப் பை புதிதல்ல. வருடத்தில் சில நாள் மட்டும் தண்ணீர் நிரப்பி, மீதி நாளெல்லாம் காயவைத்துப் பாதுகாக்க வேண்டிய பை இங்கே பல தலைமுறையாக இருக்கிறது. அதன் பெயர் தோப்பறை.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது வேண்டுதல்காரர்கள் அவர் மேல் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். தலையில் உருமால், இடுப்பில் கச்சை, காலில் சலங்கை, தோளில் ஆட்டுத்தோல் பை. பையின் ஒரு முனையில் சின்னக் குழாய் பொருத்தியிருக்கும். அக்குளில் இடுக்கி அழுத்தினால் தண்ணீர் கம்பியாகப் பாயும். சித்திரை வெயிலில் மலையிலிருந்து நடந்து வந்த அழகரைக் குளிர்விக்கிற வேலை இது. ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி நடக்கும் நேரம் அந்தச் சுற்றுவட்டாரமே நனைந்துபோகும். அழகர்கோயிலை முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர் பேராசிரியர் தொ. பரமசிவன். அந்த ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-ல் நூலாகக் கொண்டுவந்தது. துருத்தியால் நீர் தெளிக்கும் இந்த அடியவர்களைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். டெக்சாஸில் ஒருவர் சலைன் பையை முதுகில் தைத்துக்கொண்ட அதே 1989!

இடையில் தோலைத் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் பம்ப் வந்தது, பிறகு மோட்டார் வைத்த பீய்ச்சான்கூட வந்தது. தண்ணீரில் வாசனைத் திரவியமும் ரசாயனமும் கலந்தார்கள். சிலைக்கும் வாகனத்துக்கும் கேடு என்று வழக்குப் போனது. 2024 திருவிழாவுக்கு முன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, உயர் அழுத்த பம்ப் கூடாது, ரசாயனம் கலக்கக் கூடாது, பாரம்பரியத் தோல் பையால்தான் பீய்ச்ச வேண்டும் என்றது. நீதிமன்றமே பரிந்துரைத்த தண்ணீர்ப் பை வேறெங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.

ஆட்டுத்தோலைப் பையாக்குவது பொறுமையான வேலை. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு முடியை நீக்க வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் பதனிட வேண்டும். பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு பிணைந்துகொள்வதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. தமிழ்நாட்டுத் தோல் தொழிலுக்கு ஒரு காலத்தில் உலகப் பெயர் வாங்கித் தந்தது இந்த ஆவாரம்பட்டைதான். டி. கல்லுப்பட்டிக் கரிசல் ஓரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரை. தோலைத் தொட்டவர்களைத் தள்ளி நிறுத்திய ஊர், அவர்கள் கைபட்ட பையை மட்டும் சாமிக்கு முன்னால் ஏந்திப் போனது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருவிழா முடிந்ததும் பையை வைத்திருந்து அடுத்த வருடமும் எடுக்கிறவர்கள் செய்கிற காரியம் நம் கதைக்கு முக்கியம். தண்ணீரை வடித்துவிட்டு, பைக்குள் காற்றை ஊதி உப்பவைத்து, நிழலில் தொங்கவிட வேண்டும். உப்பவைக்காவிட்டால் இரண்டு பக்கத் தோலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அந்த இடத்தில் பூசணம் பிடிக்கும். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். அதனால் பாதிக் காய்ச்சலில் எண்ணெய் தடவ வேண்டும். கடைசியில் எலி எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும். கடைக்காரர் தருகிற வழிகாட்டித் தாளில் பிளாஸ்டிக் பைக்கு எழுதியிருப்பதில் முக்கால்வாசி இதற்குள் இருக்கிறது: வடி, உப்பவை, நிழலில் தொங்கவிடு.

எண்ணெய் மட்டும்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குள் ஒரு காரணம் இருக்கிறது.

ஒரே ஒரு துளி

தோல் மூச்சு விடும். அதன் சுவர் வழியாக ஈரம் மெல்ல மெல்ல வெளியே கசியும். பழைய லாரிகளின் முன்பக்கம் தொங்கிய கான்வாஸ் தண்ணீர்ப் பையும் அப்படித்தான். ஈரம் சுவரில் கசிந்து காற்றில் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் குளிரும். தண்ணீர் தீர்ந்தால் பை தானாகவே காய்ந்துபோகும். அதனால் அந்தப் பைகளுக்கு அளவுக்கு மீறிய காய்ச்சல்தான் ஆபத்து. எண்ணெய் அதற்குத்தான்.

இன்றைய பை தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கிலோ சிலிக்கோனிலோ ஆனது. சொட்டுக்கூட ஒழுகக் கூடாது என்பதற்காகவே செய்த சுவர். அந்தச் சுவர் வழியாகச் சொல்லும்படி ஈரம் வெளியேறாது. உள்ளே இருக்கிற தண்ணீர் அத்தனையும் வாய் வழியாகத்தான் ஆவியாகிப் போக வேண்டும். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். இரண்டு லிட்டர் பையை உப்பவைத்தால் உள்ளே இருப்பது இரண்டு லிட்டர் காற்று. அது தாங்கக்கூடியது 0.06 கிராம். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 0.05 கிராம். அதாவது, மூடிய பைக்குள் ஒரே ஒரு துளி இருந்தால் போதும், உள்காற்று முழுக்க ஈரத்தால் நிரம்பிவிடும். அதற்கு மேல் எத்தனை நாள் வைத்தாலும் மீதி ஈரம் காயவே காயாது. “நல்லா உதறிட்டுத்தான் மூடி வச்சேன்” என்று சொல்கிறவர்களின் பைக்குள் குறைந்தது ஒரு தேக்கரண்டி தண்ணீராவது மூலையிலும் மடிப்பிலும் ஒட்டியிருக்கும். அந்த 5 மில்லி காய வேண்டுமானால் பைக்குள் இருக்கிற காற்று நூறு தடவைக்கு மேல் மாற வேண்டும். வெளிக்காற்றே ஈரமாக இருக்கிற ஐப்பசியில் இன்னும் பல மடங்கு.

ஆக, பையைக் காயவைப்பது வெயிலின் வேலை அல்ல, காற்றோட்டத்தின் வேலை. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மாவடு போடுவதற்கு முன் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து, துணியால் துடைத்து, ஈரம் சுத்தமாகப் போகும்வரை தொடவிடாமல் வைத்திருக்கும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை.

குழாய்தான் வில்லன்

பையைவிட மோசமானது குழாய். ஒரு மீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் உள்விட்டம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் பிடிக்கிற தண்ணீர் 28 மில்லிதான். அந்தத் தண்ணீர் தொடுகிற சுவரின் பரப்போ 188 சதுர சென்டிமீட்டர். மில்லிக்கு மில்லி கணக்குப் பார்த்தால், பையில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகச் சுவர். கிருமிகளுக்குப் பிடித்தது சுவர்தான். தண்ணீரில் தனியாக மிதப்பதைவிட ஈரச் சுவரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு படலத்தை மூடிக்கொண்டு வாழ்வது அவற்றுக்கு வசதி. பல் மருத்துவரின் நாற்காலியில் இருக்கும் மெல்லிய தண்ணீர்க் குழாய்களில் கிருமிகள் பெருகுவதை 1960-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மெல்லிய குழாய், தேங்கிய தண்ணீர், அறை வெப்பம் மூன்றும் சேர்ந்தால் படலம் வளரும். வாயால் கடிக்கிற குழாயில் எச்சிலும் சேர்ந்துகொள்கிறது.

வெறும் தண்ணீர் ஊற்றியதற்கே இந்த நிலை. மலை ஏறும்போது களைப்பு வரும் என்று சிலர் எலுமிச்சை ஜூஸ், பானகம், ஓ.ஆர்.எஸ். கரைசல் எல்லாம் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் நீர்மோர் ஊற்றிய கதையும் காதில் விழுந்தது. ஓ.ஆர்.எஸ். களைப்புக்கு நல்லதுதான், ஆனால் அதில் இருக்கும் சர்க்கரை பூசணத்துக்கும் நல்லது. மோரில் இருக்கும் புரதமும் கொழுப்பும் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. என் கட்சி இதுதான்: இந்தப் பைக்குள் தண்ணீர் தவிர எதையும் ஊற்றாதீர்கள். கரைசல் வேண்டுமென்றால் சின்ன எவர்சில்வர் பாட்டிலில் தனியாகக் கொண்டுபோங்கள்.

கழுவுவதற்குப் பெரிய சாமான்கள் தேவையில்லை. இறங்கி வந்த அன்றைக்கே, தூங்குவதற்கு முன் கழுவ வேண்டும். ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. சமையல் சோடா லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, கடிவாயை அழுத்தி அந்தத் தண்ணீர் குழாய்க்குள்ளும் இறங்கும்படி செய்து, அரை மணி நேரம் விட வேண்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். சிலிக்கோன் தாங்கும், பாலியூரித்தேன் ஒட்டிய இடங்களில் பிரிந்துகொள்ளும். குழாய்க்குள் விட மெல்லிய நீளத் தூரிகை கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் நைலான் கயிற்றின் நடுவில் சுத்தமான துணித்துண்டை முடிந்து, குழாய்க்குள் ஒரு முனையில் விட்டு மறுமுனையில் இழுக்கலாம். கடிவாயைக் கழற்றிப் பிளவுக்குள் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பலர் அதைக் கழற்ற முடியும் என்றே அறியாமல் வருடக்கணக்கில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூசணம் ஏற்கெனவே வந்துவிட்டால் சோடா போதாது. துணி வெளுக்கும் திரவ ப்ளீச் லிட்டருக்குச் சில துளிகள் போட்டு ஊறவைத்து, வாடை போகும்வரை பல தடவை அலச வேண்டும். தெருவில் தூவுகிற ப்ளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியாகக் கரையாமல் சுண்ணாம்பாக அடியில் தங்கும், வேண்டாம். ஒரு எச்சரிக்கையும் அவசியம்: ப்ளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது விளையாட்டல்ல.

எலுமிச்சைக்கு வேறு வேலை இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பைக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கும். பூசணம் என்று பயந்து பையையே எறிந்தவர்கள் உண்டு. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்த வெள்ளை கரைந்துவிடும். கரையாமல் விரலில் வழவழவென்று வந்தால் அது உப்பு அல்ல.

கரிசல் காற்று என்ற சொத்து

இனி காயவைப்பது. இந்த விஷயத்தில் ஊட்டிக்காரர்களைவிடவும் கொடைக்கானல்காரர்களைவிடவும் கல்லுப்பட்டிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பங்குனி தொடங்கி ஆனி, ஆடி வரை இங்கே பிற்பகல் காற்றில் ஈரம் குறைவு. ஆடியில் மேற்கே மலை இடைவெளிகள் வழியாக வருகிற காற்று கதவை அடிக்கும், கொடியில் போட்ட துணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும். சாரலை எல்லாம் மலைக்கு மேற்கே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிற காற்று அது. தண்ணீர்ப் பை காய்வதற்கு அதைவிட நல்ல காற்று கிடைக்காது.

குழாயைக் கழற்றி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். தண்ணீர் தெறித்துப் போய்விடும். மாடிதான் இதற்குச் சரியான இடம். கூடத்தில் செய்தால் வீட்டில் இருக்கிறவர்கள் அடுத்த பயணத்துக்கு அனுமதி தரமாட்டார்கள். பிறகு குழாயை நீளமாகத் தொங்கவிட வேண்டும். சுருட்டி வைத்தால் வளைவில் தண்ணீர் தேங்கும். பையை வாய் கீழே பார்க்கும்படி கவிழ்த்து, உள்ளே இரண்டு சுவரும் ஒட்டாமல் இருக்க எதையாவது விட வேண்டும். மோர் கடையும் மத்தோ, முட்டை அடிக்கும் கம்பிச்சுருளோ போதும். கம்பித் துணி மாட்டியை இரண்டு பக்கமும் வளைத்து உள்ளே நுழைப்பது மலையேறுகிறவர்களின் பழைய தந்திரம். தோப்பறைக்குள் காற்றை ஊதி உப்பவைப்பதும் இதுவும் ஒன்றுதான். மின்விசிறிக்கு எதிரில் வாயைக் காட்டி வைத்தால் வேலை இன்னும் சுருக்கம்.

வெயிலில் மட்டும் போடாதீர்கள். பாலியூரித்தேனுக்குப் புற ஊதாக் கதிர் ஆகாது. மஞ்சளடிக்கும், பிறகு விறைக்கும், பிறகு மடிக்கிற இடத்தில் கீறும். கரிசல் காட்டு வெயிலைப் பார்த்ததும் ‘ஒரு மணி நேரத்தில் காஞ்சிடுமே’ என்று ஆசை வரத்தான் செய்யும். திண்ணை நிழலிலும் அதே ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி காயும், காற்று இருந்தால். மீதிக்கு ஒரு இரவு கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை கதை வேறு. வடகிழக்குப் பருவமழை நாட்களில் துவைத்த துணியே இரண்டு நாள் ஈர வாடை அடிக்கிறது. அப்போதுதான் சிலர் குளிர்பதனப் பெட்டியை நம்புகிறார்கள். வடித்த பையைச் சுருட்டி, ஐஸ் உறையும் பெட்டிக்குள் வைத்துவிடுவது. வெளிநாட்டு மலையேறிகளிடம் இந்த வழக்கம் பரவலாக உண்டு. இதில் உண்மையும் இருக்கிறது: உறைநிலையில் பூசணம் வளராது. ஆனால் சாவதும் இல்லை. வெளியே எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். மின்சாரம் சில மணி நேரம் போய்விட்டு வருகிற ஊர்களில், பைக்குள் உறைந்த ஈரம் உருகி, மறுபடி உறையும். மழைக்காலத்துக்கு அதை ஒரு ஒத்திவைப்பாக வைத்துக்கொள்ளலாம். காயவைப்பதற்கு மாற்று என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

பீரோவுக்குள் வேண்டாம்

காய்ந்த பிறகு எங்கே வைப்பது? முதுகுப் பைக்குள்ளேயே திரும்பச் சொருகிவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். முதுகுப் பையின் துணியிலும் தோள்வாரின் பஞ்சிலும் ஊறியிருக்கிற வியர்வை காய்ந்திருக்காது. காய்ந்த பையை ஈரப் பைக்குள் வைப்பதற்கு இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை.

பீரோ இன்னும் மோசம். பட்டுப்புடவைக்கு நடுவே பாச்சை உருண்டை போட்டிருப்பார்கள். அந்த வாடையைப் பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த மாதம் மலையில் இரட்டை லிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழாயைக் கடித்தால் பாச்சை உருண்டை தண்ணீர்தான் வரும். மண்ணெண்ணெய், பெயிண்ட் இருக்கிற அறையும் கூடாது. மூடியைத் திறந்தே வைத்து, மடிக்காமல் தளர்வாகச் சுருட்டியோ தொங்கவிட்டோ, பூச்சி போகாதபடி மெல்லிய துணிப் பைக்குள் போட்டு, நிழலான அலமாரித் தட்டில் வைத்தால் போதும்.

காயாமல் மூடி வைப்பதால் வருகிற இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. பாலியூரித்தேனில் ஒரு வகை, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மெல்லச் சிதையக்கூடியது. தண்ணீரின் மூலக்கூறே அதன் சங்கிலியை அறுத்துவிடும். வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த மழைக்கோட்டின் உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேதியியல்தான். சிலிக்கோனுக்கு இந்த நோய் கிடையாது. விலை கூட. மாதம் ஒரு தடவை மலை ஏறுகிறவருக்கு அந்தக் கூடுதல் விலை தகும்; வருடத்துக்கு ஒரு தடவை ஆடி அமாவாசைக்கு மட்டும் போகிறவருக்கு எவர்சில்வர் பாட்டிலே போதும் என்பது என் எண்ணம். பாட்டிலில் குழாய் இல்லை.

குமரப்பா இருந்த ஊர்

பேருந்து நிலையத்தில் இறங்கி இந்தப் பையைப் பற்றி யோசிக்கும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. டி. கல்லுப்பட்டியில் 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். லண்டனில் கணக்காயர் படிப்பு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் எல்லாம் படித்த தஞ்சாவூர்க்காரர். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் ஆகியவற்றோடு தோல் பதனிடுதலும் அந்தச் சங்கத்தின் வேலைகளில் ஒன்று. ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றிய அவருடைய நூல் 1945-ல் வந்தது. 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளிலேயே காலமானார்.

இயற்கை தரும் பொருள்களை அவர் இரண்டாகப் பிரித்தார். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகிறவை ஒரு பக்கம். எடுத்தாலும் சுழற்சியில் திரும்ப வருகிறவை இன்னொரு பக்கம். நிலக்கரியும் பெட்ரோலியமும் முதல் வகை. மரமும் பயிரும் கால்நடையும் இரண்டாம் வகை. தோப்பறை எந்தப் பக்கம், பாலியூரித்தேன் பை எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோலும் ஆவாரம்பட்டையும் கிழிந்தால் மண்ணுக்குப் போகும். பெட்ரோலியத்தில் பிறந்த பை எங்கும் போகாது. உள்ளூர்ப் பழைய சாமான் கடைக்காரர்கூட அதை எடைக்கு எடுப்பதில்லை. குழாய் ஒரு பிளாஸ்டிக், பை ஒரு பிளாஸ்டிக், கடிவாய் இன்னொன்று.

அதற்காக எல்லோரும் ஆட்டுத்தோலைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது. குடிக்கிற தண்ணீருக்குத் துவர்ப்பு வாடை வரும், கனமும் அதிகம். தண்ணீர் குடிக்கும் வேகமும் மாறிவிட்டது: வழுக்குப்பாறையில் இரண்டு கையும் பாறையைப் பிடித்திருக்கும்போது, நிற்காமல் ஒரு மிடறு குடிக்க முடிவது சின்ன வசதி அல்ல. 2015 மே மாதத்தில் சதுரகிரி ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் இறந்த பிறகு, பாதையில் நிற்கிற நேரத்தைக் குறைக்கச் சொல்லி வனத்துறை அவசரப்படுத்துவதும் நியாயம்தான். இந்தப் பை வந்துவிட்டது, இருக்கப்போகிறது. செய்யக்கூடியது, ஒரு பையைப் பத்து வருடம் ஓட்டுவது. குமரப்பா இருந்திருந்தால் கணக்காயர் மூளையோடு அதைத்தான் முதலில் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது: ஒரு பை எத்தனை தடவை மலை ஏறியது?

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி நாற்பது பாதைகளைத் திறந்துவிட்டது. கல்லுப்பட்டியில் இருந்து பேருந்து பிடித்தால் எட்டிவிடும் தூரத்தில் செண்பகத்தோப்பும் ராக்காச்சி அம்மன் கோயில் பாதையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர்ப் பைகளின் எண்ணிக்கை இனிமேல் கூடத்தான் போகிறது.

வாங்கும்போதே வாய் அகலமான பையாகப் பார்த்து வாங்குங்கள். கை நுழைகிற வாய் என்றால் துடைக்கலாம், காற்றும் நன்றாகப் புகும். மேல்பக்கம் முழுக்கத் திறந்து, பட்டையை நழுவவிட்டு மூடுகிற வகை இன்னும் மேல். அதை உள்புறம் வெளியே வரும்படி புரட்டியே காயப்போடலாம். சின்ன மூடி வைத்த பை இருநூறு முந்நூறு ரூபாய் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதைக் காயவைக்க முடியாது.

கறுப்புப் புள்ளி கடிவாயில் மட்டும் இருந்தால் கடிவாயை மட்டும் மாற்றலாம். குழாயில் இருந்தால் குழாயை மட்டும். இரண்டும் தனித்தனியாக விற்கிறார்கள். பையின் மூலையிலோ ஒட்டுப் போட்ட ஓரத்திலோ ஊறவைத்த பிறகும் கறை போகாவிட்டால்தான் முழுப் பையையும் விட வேண்டியிருக்கும். மதுரைக் கடைகளில் கடிவாய் எப்போதும் கிடைப்பதில்லை. ஆன்லைனில் போட்டால் வர ஒரு வாரம் ஆகும். ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் ஆனி மாதமே பையை எடுத்து முகர்ந்து பார்த்துவிடுவது நல்லது.